பார்த்த உடனே திருடன் என்று தெரிய வேண்டும்

சிறுவர் இதழ் ஒன்றுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். எளிமையான கதை. இரவில் ஒரு திருடன் வீட்டுக்குள் புகுகிறான். அங்கே காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்க்கிறான். வந்த வேலையை விட்டுவிட்டு அதற்குத் தண்ணீர் கொடுக்கிறான். பென்சில் கோட்டில் முதல் படத்தை அனுப்பினேன். ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருந்தார்: "அக்கா, நல்லா இருக்கு. ஆனா பார்த்த உடனே திருடன்னு தெரியணும். கொஞ்சம் மாத்திக் குடுங்க."

என்ன மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கோடு போட்ட பனியன், கட்டம் போட்ட லுங்கி, கழுத்தில் முடிச்சிட்ட கைக்குட்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, கன்னத்தில் ஒரு மரு, தோளில் மூட்டை. வாரப் பத்திரிகை ஜோக்குகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம். இருபது வருஷமாகப் படம் போடுகிறேன். பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டேன். வண்ணம் தீட்டும்போதுதான் கை நின்றது. குழந்தைக்கும் அதன் அம்மாவுக்கும் இளம் பழுப்பைக் குழைத்து வைத்திருந்தேன். திருடனுக்கு வந்தபோது தூரிகை தானாகப் பக்கத்துக் கிண்ணத்துக்கு, அடர் பழுப்புக்குப் போயிருந்தது.

யாரும் அப்படித் தீட்டச் சொல்லவில்லை. என் கைதான் போனது. தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்தேன். அன்று முழுக்க அப்பத்தா வீட்டுச் சுவர் ஞாபகமாகவே இருந்தது.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். மண்சுவர், நாட்டு ஓடு. நெல் குதிருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு, சுவரில் ஒரு இடம் மட்டும் நிறம் மாறி இருக்கும். மற்ற இடமெல்லாம் செம்மண். அந்தத் திட்டு மட்டும் கரிசல் கலந்த மாதிரிக் கறுப்பு. எத்தனை தீபாவளிக்கு வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் அந்த வட்டம் ஈரம் பூத்து மேலே வந்துவிடும். "அதுதான்த்தா கன்னம் வச்ச எடம்" என்பாள் அப்பத்தா. எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. சுவருக்கு ஏது கன்னம் என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது. கன்னம் என்றால் திருடன் சுவரில் இடும் துளை, அதைத் தோண்டும் கம்பி கன்னக்கோல் என்று பிறகு தெரிந்தது.

"தலைய மொதல்ல விடமாட்டான். கம்பு நுனியில சட்டியக் கவுத்து உள்ள விட்டுப் பாப்பான். உள்ளருந்து எவனாச்சும் அருவாளப் போட்டா சட்டிதானே ஒடையும்" என்று அவள் சொல்லும்போது குரலில் பயத்தோடு இன்னொன்றும் இருக்கும். அதை மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மரியாதைக்கு நீண்ட மரபு இருக்கிறது என்று நான் கண்டுகொண்டது மதுரைக்காஞ்சியைப் படித்தபோது. உ.வே.சா. 1889-இல் அச்சில் கொண்டுவந்த பத்துப்பாட்டில் ஒன்று அது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடும் மாங்குடி மருதனார், மதுரையின் பகலையும் இரவையும் நாழிகை நாழிகையாகக் காட்டிக்கொண்டே வருகிறார். கடைத்தெரு, கோயில், விளக்கு வைக்கும் நேரம், அடங்கும் நேரம். பிறகு நள்ளிரவு. 'இரும்பிடி மேஎந்தோல் அன்ன இருள்' என்கிறார். கரிய பெண்யானையின் தோலைப் போன்ற இருட்டு. வெறும் கறுப்பாக அதை விட்டுவிடாமல், தொட்டுப் பார்க்கலாம் போன்ற, லேசாக மடிப்பு விழுந்த, உயிருள்ள ஒரு பரப்பாக மாற்றிவிடுகிறார். வண்ணத்தோடு புழங்குகிற எனக்கு அந்த ஓர் உவமைக்காகவே அவரை விழுந்து கும்பிடத் தோன்றும். அந்தத் தோலுக்குள்ளிருந்துதான் கள்வர்கள் வருகிறார்கள்.

கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள் தொங்குகிறது. காலில் செருப்பு. தொடையை ஒட்டிச் செருகிய கூர்முனைக் குறுங்கத்தி. கருமணலின் நிறத்தைக் கவர்ந்து நெய்தது போன்ற நீலக்கச்சு. மெல்லிய நூலேணியை உடம்பில் சுற்றியிருக்கிறார்கள். 'நிலன் அகழ் உளியர்', கையில் மண்ணைத் தோண்டும் உளி. நகையை விரும்பிச் சுற்றித் திரிகிறார்கள். 'கண்மாறு ஆடவர்' என்று ஒரு பெயர் வைக்கிறார் பாருங்கள், கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிறவர்கள். அவர்கள் ஒடுங்கியிருக்கும் இடத்தை ஒற்றறிந்து, யானையைப் பார்க்கும் புலியைப் போலத் தூங்காத கண்ணோடு ஊர்காவலர்கள் நிற்கிறார்கள். உவமையைக் கவனித்தால், காவலன் புலி என்றால் கள்வன் யானை. இரண்டு பக்கத்துக்கும் பெருமை.

படம் போடுகிறவளாக நான் அந்த வரிகளில் தேடியது முகத்தை. மூக்கு எப்படி, கண் எப்படி, தோல் என்ன நிறம்? ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து கால்வரை, கையிலிருந்து கருவிவரை அவ்வளவு நுணுக்கமாகத் தீட்டிய கவிஞர் முகத்தை இருட்டுக்கே விட்டுவிட்டார்.

வடமொழியிலும் இப்படித்தான். சூத்ரகர் எழுதியதாகச் சொல்லப்படும் மிருச்சகடிகம் என்ற நாடகத்தில் சர்விலகன் என்றொரு கள்வன் வருகிறான். படித்த பிராமணன், காதலியை அடிமைத்தளையிலிருந்து மீட்கப் பணம் வேண்டி வந்திருக்கிறான். கன்னம் வைக்கும் முன் சுவரைத் தடவிப் பார்க்கிறான். சுட்ட செங்கல் என்றால் உருவ வேண்டும், சுடாத கல் என்றால் வெட்ட வேண்டும், மண் என்றால் நனைக்க வேண்டும், மரம் என்றால் பிளக்க வேண்டும். துளைக்கு ஏழு வடிவம் சொல்கிறான். மலர்ந்த தாமரை, சூரியன், பிறைநிலா, குளம், ஸ்வஸ்திகம், பூரண கும்பம் என்று அடுக்கிக்கொண்டே போய், சுட்ட செங்கல்லுக்குப் பூரண கும்பமே அழகு என்று முடிவு செய்கிறான். அளவு நூலைக் கொண்டுவர மறந்துவிட்டதால் பூணூலைக் கழற்றி அளக்கிறான். தலையை விடும் முன் ஒரு பொம்மை ஆளை உள்ளே நீட்டுகிறான். அப்பத்தாவின் சட்டியேதான்! காலையில் வீட்டுக்காரன் சாருதத்தன் எழுந்து வந்து, போன பொருளை நினைக்கும் முன்பு, அந்தத் துளையைப் பார்த்து எவ்வளவு அழகு என்று வியக்கிறான்.

காஞ்சிப் பல்லவர் அவையோடு சேர்த்துப் பேசப்படும் தண்டியின் தசகுமார சரிதத்திலும் ஒரு கருவிப் பட்டியல் உண்டு. பாம்புத் தலை போன்ற தோண்டுகோல், இடுக்கி, ஆள்தலைப் பொம்மை, மயக்கப்பொடி, அளவு நூல், கயிறு, விளக்குச் சிமிழ், விளக்கை அணைக்க ஒரு பெட்டி நிறைய வண்டு. எவனோ தொழிலாளியின் பையைக் கவிழ்த்துக் கொட்டிய மாதிரி இருக்கும்.

ஆகப் பழைய ஓவியம் கள்வனின் கையை வரைந்தது என்று நிம்மதியாக இங்கேயே முடித்துக்கொண்டிருப்பேன். சிலப்பதிகாரம் விடவில்லை.

கொலைக்களக் காதையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கோவலனைக் கண்டதும் காவலர்கள் தயங்குகிறார்கள். 'இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன், கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்பதுதான் அதன் சாரம். முகம் அவனுக்காகப் பேசிவிட்டது. அந்த இடத்தில் பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை. தூதன் வேடத்தில் பகலில் நின்று, பெண் வேடத்தில் இரவில் புகுந்து, தூங்கும் இளவரசனின் ஆரத்தைக் கழற்றியவன் கதையையும் சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல, கண்ணெதிரே நிற்கும் மனிதன் மங்கி, அவன் இடத்தில் ஒரு கதைத்திருடன் வந்து நிற்கிறான்.

அப்போது வேல் பிடித்த இளம் காவலன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். மழைக்கால நள்ளிரவு, ஊர் உறங்குகிறது, ஒருவன் தோன்றினான். 'நிலன் அகழ் உளியன், நீலத் தானையன், கலன் நசை வேட்கையில் கடும்புலி போன்று' வந்தான். நான் வாளை உருவ, அவன் அதைப் பறித்துக்கொண்டான், பிறகு எங்கு தேடியும் காணவில்லை.

நிலன் அகழ் உளி. நீல உடை. கலன் நசை. மதுரைக்காஞ்சியில் இருந்த அதே சொற்கள். முதல்முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இளங்கோவடிகள் காலத்துக்குள் கள்வன் என்றால் இன்ன உடை, இன்ன கருவி என்று அச்சு வார்த்தாகிவிட்டது. நம் கோடு போட்ட பனியனைப் போல அன்றைக்கு நீலத் தானை. காவலன் சொல்வது அவன் கண்ட ஆளையா, கேட்டு வளர்ந்த படத்தையா என்றே பிரிக்க முடியவில்லை. கோவலனிடம் உளி இல்லை. நீல உடை இல்லை. நேரமும் நள்ளிரவு இல்லை. அவன் கையில் இருந்தது மனைவியின் சிலம்பு. ஆனாலும் அந்தப் படம் அவன் மேல் போர்த்தப்பட்டுவிட்டது. அடுத்த சில வரிகளில் 'கல்லாக் களிமகன்' ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

முகத்தைப் பார்த்தவர்கள் விட்டுவிட நினைத்தார்கள், கருவிக் கதையைக் கேட்டவர்கள் கொன்றார்கள். நான் கையை வரைவது நல்லது, முகத்தை வரைவது கெட்டது என்று கோடு போட்டுப் பிரிக்கப் பார்த்தேன். அந்தக் காதை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இங்கிலாந்தில் வீடு புகுந்து திருடியவன் ஒருவனுக்கு ஓர் அபூர்வமான படம் உண்டு. ஜாக் ஷெப்பர்ட், தச்சனிடம் தொழில் பழகிய பையன். பூட்டையும் கதவையும் மரத்தையும் உள்ளும் புறமும் அறிந்தவன். 1724-இல் ஒரே வருஷத்தில் நான்கு முறை காவலிலிருந்து தப்பினான். கடைசியாகப் பிடிபட்டு நியூகேட் சிறையில் கிடந்தபோது, லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாட உட்புறத்தைத் தீட்டிய அரசவை ஓவியர் ஜேம்ஸ் தார்ன்ஹில் நேரில் போய் அவனை வரைந்தார். அந்த வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி டைபர்னில் தூக்கிலிட்டார்கள். 22 வயது. தார்ன்ஹில் வரைந்ததை வைத்து ஜார்ஜ் ஒயிட் செதுக்கிய அச்சுப்படம் ஊரெங்கும் விற்றது. அதைப் பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டில் விலங்கு. அதை மறைத்துவிட்டுப் பார்த்தால் வெறும் ஒரு பையன். தெருவில் எதிரே வந்தால் வழி கேட்கலாம் போன்ற முகம். விலங்கை மட்டும் வைத்துக்கொண்டு முகத்தை முகமாகவே விட்டிருக்கிறார்கள் அந்த இரண்டு ஓவியர்களும்.

அடுத்த நூற்றாண்டில் அந்தப் பொறுமை போய்விட்டது. இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் 1876-இல் குற்றவாளி மனிதனைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். சிலர் பிறவியிலேயே குற்றவாளி, அது மண்டையிலும் தாடையிலும் காதிலும் எழுதியிருக்கும் என்றார். திருடனுக்குச் சிறிய, அலைபாயும் கண், நெருங்கிய புருவம், சப்பை மூக்கு என்று அடையாளம் கொடுத்தார். வார்த்தையில் எழுதிய கேலிச்சித்திரம் அது. இத்தனைக்கும் மூன்றே வருஷம் கழித்து, 1879-இல் லீட்ஸ் நகரில் தூக்கிலிடப்பட்ட சார்லஸ் பீஸ் என்ற பேர்போன கன்னக்காரன், தாடையைக் கோணலாக்கி, தோலுக்குச் சாயம் பூசி, நினைத்த நேரத்தில் வேறு ஆளாகிவிடுவான். லண்டனில் வயலின் வாசிக்கும் கண்ணியமான கனவானாக வாழ்ந்துகொண்டே இரவில் வீடு புகுந்தவன். முகத்தை நம்பியவர்களுக்கு அவனைவிடப் பெரிய பதில் வேண்டுமா? ஆனாலும் முகம்தான் ஜெயித்தது. அச்சகங்கள் பெருகின. நகைச்சுவைப் பத்திரிகைகள் பெருகின. ஒரு அங்குலக் கட்டத்துக்குள் பார்த்த உடனே தெரிய வேண்டும். முகமூடியும் மூட்டையும் வந்தன. கறுப்பு வெள்ளைக் கோடு பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறைகளின் கைதி உடை. மாட்டுவதற்கு முன்பே கைதி உடையை மாட்டிவிட்ட படம்தான் நம் ஜோக்குத் திருடனுடையது என்று எனக்குத் தோன்றும்.

இங்கே அது படத்தோடு நிற்கவில்லை. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. எங்கள் பக்கத்தில் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். திருட்டு நடந்ததா இல்லையா என்பதே பேச்சில்லை. இன்ன சாதியில் பிறந்தாயா, விரலைக் கொடு, பேரைப் பதி, இரவில் வந்து கண்முன் படு. பத்து விரலை மையில் ஒற்றி எடுத்த தாளும் ஒரு படம்தான். முகமே இல்லாமல் ஒரு முழுச் சமூகத்தைத் திருடனாக வரைந்துவிட்ட படம். அதற்கு முந்தைய வருஷங்களில் சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தார். அந்த அளவை முறையைப் போலீசாருக்கும் கற்றுக்கொடுத்தார். ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் நின்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அந்த ஊர் நினைவுத்தூணின் முன் நின்றபோது என் அடர் பழுப்புக் கிண்ணம் நினைவுக்கு வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அப்போது நான் இன்னும் ஜோக்குத் திருடன்களைத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. திருடனை நாம் எப்போதும் இப்படித்தான் வரைகிறோம் என்றும் சொல்ல முடியாது. நம் வீடுகளில் அதிகமாக மாட்டியிருக்கும் திருடன் படம் எது? பொன் ரேக்கு ஒட்டி, கல் பதித்து, கொழுகொழு கன்னத்தோடு பானைக்குள் கை விட்டுக்கொண்டிருக்கும் தஞ்சாவூர்ப் படத்துக் கண்ணன். ஆளில்லாத நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்குள் புகுந்து உறியைக் கவிழ்த்தவன். கோகுலாஷ்டமி அன்று அரிசி மாவைக் கரைத்து, கைமுஷ்டியின் பக்கவாட்டை அதில் தோய்த்து, வாசற்படியிலிருந்து பூஜை அறைவரை ஒற்றிக்கொண்டே போவோம். முஷ்டி ஒரு பாதம், மேலே விரல்நுனியால் ஐந்து பொட்டு. கிறங்க வைக்கும் வேலை அது. இடது, வலது, இடது, வலது. திருட வந்தவனின் காலடித் தடத்தை நாமே வரைந்து, வா என்கிறோம். எங்கள் அப்பத்தா வீட்டில் அந்த மாவுப் பாதங்கள் நெல் குதிரைத் தாண்டி, கறுத்த திட்டு இருக்கும் சுவரை ஒட்டித்தான் போகும்.

அந்தச் சுவரின் மீதிக் கதையை அவள் சாகும் முன்பு ஒருநாள் சொன்னாள். அன்று போனது இரண்டு பித்தளை அண்டா, ஒரு வெண்கலப் பானை, அவளுடைய கழுத்துக் காரை. விடிந்ததும் ஊர் கூடியது. எங்கள் கொல்லையில் அப்போது வெளியூர் ஆள் ஒருவர் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். கையில் கடப்பாறை இருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, யாரோடும் பேச்சு வார்த்தை இல்லை. போதாதா? வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள்.

"கண்ணு ஏன்த்தா செவக்காது? பாறையத் தொளைக்கத் தமிரு போட்டுக்கிட்டுக் கெடந்தவரு. கல்லுத்தூசி. அன்னைக்கு ஒருத்தருக்கும் அது தோணல. பாத்தாலே தெரியுதுன்னாக. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா அப்பத்தா?"

"ஒரு செம்புத் தண்ணி கொண்டு போனேன். குடுக்க விடல."

மூன்றாம் நாள் அண்டா இரண்டும் வேறொரு ஊர்ப் பாத்திரக் கடையில் கிடைத்தன. கொண்டுபோய் விற்றது எங்கள் வகையறாவிலேயே ஒருவர். பந்தியில் எங்கள் தாத்தாவுக்குப் பக்கத்து இலையில் உட்காரும் ஆள். அவர் பெயரை அப்பத்தா கடைசிவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிணறு வெட்டியவர் கூலியைக்கூட வாங்காமல் போய்விட்டார். மீதி ஆழத்தை வேறு ஆள் வைத்து முடித்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் என் அப்பாவும் அத்தைகளும் வளர்ந்தார்கள், விடுமுறைக்குப் போன நானும் வளர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புதிய தாளை எடுத்தேன். அவனை முதுகுப்பக்கமாக உட்கார வைத்தேன். முகம் குழந்தையைப் பார்த்துக் குனிந்திருக்கிறது, நமக்குத் தெரியாது. இடுப்பில் கருநீலக் கச்சு. அதற்கு மட்டும் அரை நாள் ஆனது, நீலத்தில் கறுப்பைக் கலந்தால் செத்துப்போகிறது, பழுப்பைத் தொட்டுத்தான் ஆற்றுக் கருமணல் நிறத்துக்குக் கொண்டுவர முடிந்தது. தோளில் நூலேணி. உளியைத் தரையில் வைத்துவிட்டான், கையில் தண்ணீர்ச் செம்பு. உடம்புக்கு, குழந்தையின் அம்மாவுக்கு எடுத்த அதே கிண்ணம். வெளியே இருட்டுக்கு யானைத்தோல் மடிப்பு வர ஈரத்தாளில் உப்புத் தூவிப் பார்த்தேன், ஓரளவு வந்தது.

அனுப்பிய அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "அக்கா, படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா இவர்தான் திருடன்னு பசங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பின்னால சுவத்தப் பாருங்க தம்பி" என்று எழுதினேன். "பூரண கும்பம் மாதிரி ஒரு ஓட்டை போட்டிருக்கேன்."